நாங்கள் பாடாமல் விட்ட சரணம்

மேடைக் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்து கைதட்டுகிற உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. நாங்கள் எந்தப் பாட்டையும் முழுசாகப் பாடுவதில்லை. பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் நாற்பது பாட்டு ஒப்பேற்ற வேண்டும். கல்யாணக் கச்சேரி என்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் வேறு பாட்டுக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இதில் ஒவ்வொன்றையும் கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தால் மண்டபத்துக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதனால் எங்கள் குழுவின் முதலாளி, புதிதாகச் சேரும் பாடகர்களின் பாட்டு நோட்டை முதல் நாளே வாங்கி, ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாவது சரணத்துக்குக் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பார். கோடு போட்டதை மறந்துவிட வேண்டும். நாங்களும் மறந்துவிடுவோம்.

நான் அந்தக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். என் கூடப்பிறந்த அக்கா அதே குழுவில் பாடகி. அவள் சேர்ந்து இருபத்தாறு வருஷம், நான் சேர்ந்து இருபத்திரண்டு. என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்துவிட்டவளே அவள்தான். அதற்காக எத்தனையோ தடவை அவளைத் திட்டியிருக்கிறேன். இனிமேல் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அக்காவுக்கு முதலாளி வைத்த பட்டப்பெயர் கார்பன். எந்தப் பாடகியின் பாட்டைக் கொடுத்தாலும் அந்தப் பாடகியாகவே மாறிவிடுவாள். எங்கே மூச்சு வாங்குவார்கள், எந்த எழுத்தில் குரல் லேசாகக் கரகரக்கும், எங்கே சிரிப்பு கலந்து வரும், எல்லாம் அச்சு அசல். "நம்ம கார்பன் இருக்கிற வரைக்கும் ஒரிஜினல் எதுக்கு?" என்று முதலாளி மைக்கிலேயே சொல்வார். கூட்டம் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன், சும்மா சொல்லக்கூடாது.

போன வருஷம் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, அன்றைக்கு அக்கா பாடியதெல்லாம் ஒரே பெரிய பாடகியின் பாட்டுகள். கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பெண்மணி மேடைக்கே ஏறி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கையெழுத்து வேண்டுமாம், படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பேனாவை வாங்கிப் பேரை எழுதப் போனாள்.

"ஐயோ, உங்க பேர் வேண்டாங்க. எங்கம்மாவுக்கு உங்களைத் தெரியாது. இந்தப் பாட்டெல்லாம் பாடினவங்க பேரையே போட்டுடுங்க. ஒண்ணும் தப்பில்ல, அவங்க கண்டுபிடிக்க மாட்டாங்க."

அந்தம்மா நல்ல மனசோடுதான் கேட்டார். அதுதான் வயிற்றெரிச்சல். அக்கா அந்தப் பெரிய பாடகியின் பேரை அழகாக எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "டேய், எனக்கு ஒரு பாட்டு வேணும்டா."

"எந்தப் பாட்டு?"

"என் பாட்டு. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, என் குரல்ல. நிறைய வேண்டாம். ஒண்ணே ஒண்ணு போதும். அது என்னோடதுன்னு நாலு பேர் சொன்னாப் போதும்."

"சரி, எழுது. யாரு வேண்டாம்னா?" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், மடையன்.

அக்காவின் வீடு ஐந்தாவது மாடியில். சமையலறைக்குப் பின்னால் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனி. அங்கே ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அதன் மேல் ஒரு நோட்டு. அத்தான் பஸ் ஓட்டுநர், காலை ஷிப்டுக்கு விடியும் முன்பே போய்விடுவார். அதற்குப் பிறகு அக்கா அந்த இயந்திரத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு முனகிக்கொண்டிருப்பாள். பதினோரு மணிக்கு எனக்குப் போன் வரும். நான் போய் நிற்பேன். பாடிக் காட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா?"

ஏன் என்னிடம் கேட்டாள் என்றால், எனக்கு ஒரு பாட்டைக் கேட்டால் மறக்காது. இது பெருமையில்லை, வியாதி. ஆயிரக்கணக்கான பாட்டுகள், இடையிசையோடு, மண்டைக்குள் கிடக்கின்றன. முதல் மெட்டைக் கேட்டதும் சொன்னேன், "அக்கா, இது நாம போன வாரம் பாடினதுதான். தாளத்தை மட்டும் மாத்தியிருக்க." சிரித்துக்கொண்டே நோட்டில் அதை அடித்துவிட்டாள். இரண்டாவது மெட்டு ஒரு சோப்பு விளம்பரம். மூன்றாவது, இரண்டு பாட்டை ஒட்டுப்போட்டது. நான்காவதுக்கு ஒரு மாசம் எடுத்துக்கொண்டாள். நான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

"சொல்லித் தொலைடா."

சொன்னேன். படத்தின் பேர், பாட்டின் முதல் வரி, எல்லாம். அவள் இயந்திரத்தின் மூடியைத் திறந்து ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காயப்போட்டாள். அத்தானின் சீருடைச் சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "என் உள்ள என்னோடதுன்னு ஒண்ணுமே இல்லையாடா? எல்லாம் வாடகைக்கு இருக்கிறவங்கதானா?"

நாற்பத்தாறு வயசுப் பொம்பளை. எனக்கு ஐந்து வயதில் அம்மா வேலைக்குப் போனபோது என்னை இடுப்பில் சுமந்தவள். "தண்ணி குடுக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் போன் வரவில்லை. ஒத்திகையிலும் பேச்சு குறைந்துவிட்டது. பாட்டு வரும்போது பாடுவாள், மற்ற நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டாள். போனேன். கதவைத் திறந்தபோதே அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. பால்கனிக்குக்கூடப் போகவில்லை, கூடத்திலேயே நின்றபடி பாடினாள்.

கதவைத் திறந்தது நான்தான்,
உள்ளே வந்தது யாரோ,
கண்ணாடி முன்னே நின்னா
என்னைக் கேட்குது, நீ யாரோ.

அவள் குரல். யாருடைய மூச்சும் இல்லை, யாருடைய கரகரப்பும் இல்லை. கொஞ்சம் தடித்த, கீழ் ஸ்தாயியில் சுகமாக உட்காருகிற குரல். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தும் அதை நான் கேட்டதேயில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வரி முடிவதற்குள் மெட்டு பிடிபட்டுவிட்டது.

மெட்டு அவளுடையது இல்லை. அதே பெரிய பாடகி பாடிய ஒரு பழைய படப்பாட்டு. எல்லாக் கல்யாணத்திலும் நாங்கள் போடுகிற பாட்டு. ஆனால் இது அதன் இரண்டாவது சரணம். அந்த இசையமைப்பாளர் அந்தச் சரணத்துக்கு மட்டும் தனியாக ஒரு மெட்டுப் போட்டிருந்தார், படிப்படியாகக் கீழே இறங்குகிற மெட்டு. எங்கள் எல்லார் நோட்டிலும் அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அக்கா சின்ன வயதில் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டிருப்பாள். பிறகு இருபத்தாறு வருஷம் பாடாமலே விட்டு, மறந்து, இப்போது தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். நாலு தடவை அவளை அடித்துப் போட்டிருக்கிறேன், ஐந்தாவது தடவைக்கு எனக்குத் தெம்பில்லை. அதோடு ஒரு கணக்கும் போட்டேன். இந்தச் சரணத்தை எந்தக் குழுவும் பாடுவதில்லை. இருபது வருஷமாக எந்த மேடையிலும் கேட்டதில்லை. யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது?

"இல்லக்கா. இது உன்னோடதுதான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எப்பேர்ப்பட்ட நல்ல தம்பி!

கூத்து என்னவென்றால், அதற்குப் பிறகு அடைப்பு எடுத்த குழாய் மாதிரி அவளுக்குப் பாட்டு கொட்ட ஆரம்பித்தது. மூன்று மாசத்தில் ஐந்து பாட்டு. எதிர்வீட்டு ஜன்னலைப் பற்றி ஒன்று. அத்தானின் பஸ்ஸைப் பற்றி ஒன்று, அதில் கடைசி நிறுத்தத்தில் இறங்க மறந்து தூங்குகிறவர்களை எழுப்புகிற வரி வரும். ஒவ்வொன்றையும் நான் பயந்து பயந்து கேட்டேன். மண்டைக்குள் இருக்கும் அத்தனை பாட்டையும் புரட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை. ஐந்தும் சுத்தமாக அவளுடையவை. என் பொய்யை மிதித்துக்கொண்டு ஏறிப்போய் நிஜமாகவே பாட்டு எழுதுகிறவளாகிவிட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அக்கா, முதல் பாட்டை விட்டுடு, இந்த அஞ்சும் போதும்" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. பூசி மெழுகப் பார்த்தேன். "மூணாவது வரியைக் கொஞ்சம் மேல கொண்டு போகலாமாக்கா?"

"கை வைக்காத. எனக்குன்னு வந்த மொதப் பாட்டு அது."

அந்தத் தைரியத்தில் அவள் குழுவை விட்டாள். முதலாளி ஒத்திகை அறையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார். "போயிட்டு வாம்மா. ஆனா கார்பன் பேப்பருக்குச் சொந்தக் கையெழுத்து கிடையாது, தெரியும்ல?" அக்கா தன் பாட்டு நோட்டுகளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். நான் குழுவை விடவில்லை. குழுவில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வாசித்தேன். அவள் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது.

அவளுடைய பகுதியின் நூலகத்தில் ஒரு சின்ன அரங்கு உண்டு. நூலகர் அம்மா மாசம் ஒருதரம் அங்கே ஏதாவது நடத்துவார். அக்காவின் பேரைக் கேட்டு, சொந்தப் பாட்டு என்று கேட்டு, உடனே தேதி கொடுத்தார். ஞாயிறு மாலை நான்கு மணி. நுழைவுக் கதவில் ஒட்டிய தாளில் அக்காவின் சொந்தப் பேர், அதன் கீழே "எழுதி, இசையமைத்துப் பாடுகிறார்" என்று அச்சடித்திருந்தது. அக்கா அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தாள். பிறகு என்னையும் அதன் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தாள்.

"எந்தப் பாட்டுல ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டேன். "ஜன்னல் பாட்டு எடுப்பா இருக்கும்க்கா. கண்ணாடிப் பாட்டைக் கடைசில வச்சுக்கலாம். நேரம் இருந்தா பாடலாம்."

"என்னடா பேசற? அதுதான் மூத்தது. அதுதான் முதல்ல."

நூற்றிருபது நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. பாதிப் பேர் நூலகத்துக்கு வழக்கமாக வருகிற வயசானவர்கள். மூன்றாவது வரிசையில் அத்தான், கஞ்சி போட்ட சட்டையில், பஸ் ஓட்டுவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளிகூட வந்திருந்தார், கதவோரத்தில்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். "இது நான் எழுதின மொதப் பாட்டு" என்றாள்.

முதல் வரியைப் பாடி முடித்தாள். இரண்டாவது வரியில் முன்வரிசையில் ஒரு அம்மா தலையை ஆட்டினார். அவருடைய உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வரிக்கு இன்னும் நாலு பேர். இரண்டாம் தடவை பல்லவிக்கு வந்தபோது அரங்கு முழுக்க லேசான முனகல் எழுந்தது. மெட்டை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் என்ன செய்து மறக்கப் போகிறேன்? முதன்முதலாகக் கேட்கிற பாட்டைக் கூட்டம் கூடவே பாடுகிறது! எந்தப் பாடகிக்குக் கிடைக்கும் அது? இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகவே செய்தது. மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

மழையைக் கேட்டது நான்தான்,
வாசல் வந்தது நீயோ,
நனைந்தது பாதி என்றால்
மீதி நனைக்க வருவாயோ.

பழைய சரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. நாங்கள் மேடையில் பாடாததால் உலகமே மறந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், அந்த அளவுக்குத்தான் என் அறிவு. வீட்டில் சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பாட்டுக் கேட்கிறவர்கள் முழுப் பாட்டையும்தானே கேட்கிறார்கள்? கோடு எங்கள் நோட்டில்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் அத்தானும் கையால் தாளம் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் ஒரு சுற்று அதிகமாக வாசித்தேன், இன்னொரு சுற்றும் வாசித்தேன். அக்கா நிறுத்திவிட்டு ஓடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அது தெரியாது. கூட்டம் பாடும்போது மேடையை விட்டு இறங்கத் தெரியாது. மைக்கைத் திருப்பி வாயருகே கொண்டு வந்தாள். பழைய வார்த்தைகளை, அந்தப் பெரிய பாடகியின் குரலில், மூச்சு வாங்கும் இடம்கூட மாறாமல், கடைசிவரை பாடினாள்.

கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. முன்வரிசை அம்மா எழுந்து நின்று, "அப்படியே அவங்க குரல்!" என்றார். "இன்னொண்ணு அவங்களோடது பாடுங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார். யாரோ பழையபடி சீட்டு எழுதி அனுப்பினார்கள். அக்கா என் பக்கம் திரும்பாமலே சுருதியைச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் அடுத்தவர்கள் பாட்டுதான். அவளுடைய நோட்டு தாங்கியின் மேல் அப்படியே மூடிக் கிடந்தது. ஜன்னல் பாட்டைப் பாடவில்லை. பஸ் பாட்டைப் பாடவில்லை. அந்த ஐந்தில் ஒன்றைக்கூட அந்த அரங்கில் ஒரு ஆளும் கேட்கவில்லை.

முடிந்ததும் நூலகர் அம்மா சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். முதலாளி அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அத்தான்தான் வாயெல்லாம் பல்லாக வந்தார். "வீட்ல நீ பாடும்போதே எனக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. அதான் அவ்வளவு பிடிச்சுது." பாவம், நல்லது என்று நினைத்துச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

காரில் நானும் அவளும் மட்டும். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

மேடையில்தான் தெரிந்தது என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"மொத நாளே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன்.

"சொல்லியிருந்தா வேற ஒண்ணு எழுதியிருப்பேன்லடா" என்றாள். கோபமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மத்த அஞ்சும் யாரோடது?"

"அக்கா, அது அஞ்சும் உன்னோடது. சத்தியமா உன்னோடதுக்கா."

"ஜன்னல் பாட்டு?"

"உன்னோடது."

"பஸ் பாட்டு?"

"உன்னோடதுதான்க்கா. அந்த மாதிரி ஒண்ணை நான் எங்கயுமே கேட்டதில்ல."

"கண்ணாடிப் பாட்டுக்கும் நீ இதையேதான் சொன்ன."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். கெஞ்சினேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். வேற யாரிடமாவது கேட்டுப் பார் என்றேன். "யார்கிட்டடா கேக்குறது? எல்லாப் பாட்டும் தெரிஞ்ச ஆளு எனக்கு நீ ஒருத்தன்தான்" என்றாள். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாசம் குழுவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். முதலாளி ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார், அந்த மட்டும் நல்ல மனுஷர். என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள், என் பிள்ளைகளுக்கு என்ன சைஸ் சட்டை என்று விசாரிக்கிறாள். பாட்டைப் பற்றி மட்டும் பேச்சே எடுப்பதில்லை.

நேற்று ஒத்திகை இடைவேளையில் எல்லாரும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். அக்கா மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பாட்டின் முதல் இரண்டு வரியைக் கீபோர்டில் மெதுவாக வாசித்தேன். எத்தனை அழகான மெட்டு அது, தெரியுமா?

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள். "எந்தப் படம்?"